சீனிச்சாமியின் மடி

உலைக்குள் அனுப்பும் முன் ஒவ்வொரு உடலையும் பாண்டிமீனா ஒருமுறை தடவிப் பார்ப்பாள். சட்டைப்பை, இடுப்பு, கோடித் துணியின் மடிப்பு, ஒன்றையும் விடமாட்டாள். பாசத்தில் சனங்கள் எதையாவது ஒளித்து வைத்துவிடுவார்கள். அவளுக்கு முன் அந்த எரிவாயு தகன மேடையில் இருந்தவர் பார்க்காமல் விட்ட செல்போன் ஒன்று உள்ளே வெடித்து, உலைக் கதவின் கண்ணாடி அவர் முகத்திலேயே தெறித்தது. அப்புறம் ஆம்பிளை யாரும் வேலைக்கு வரவில்லை. எம். புதுப்பட்டி கம்பெனியில் பதினோரு வருசம் பட்டாசுக்கு மருந்து அடைத்த பாண்டிமீனாதான் வந்தாள்.

செத்தவர்கள் யாரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் பொம்பளை கை பட்டால் பொறுக்கவில்லை. இரண்டு குடும்பத்தார் ஏற்கெனவே புகார் சொல்லிவிட்டார்கள். இப்போது சாத்தூர்க்காரன் ஒருவன் வேலை கேட்டு வந்திருக்கிறான். இன்னொரு புகார் வந்தால் ஆளை மாற்றிவிடுவேன் என்று மேலாளர் பாலகுரு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மறுபடியும் மருந்து அறைக்குப் போக பாண்டிமீனாவுக்குப் பயம். பிணங்களோடு இருந்தாலும், இங்கே சாயங்காலம் முழுசாக வீடு திரும்பலாம்.

அன்று மத்தியானம் சீனிச்சாமியைக் கொண்டுவந்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருசம் போர்மேனாக இருந்துவிட்டு, வீட்டில் நெஞ்சுவலியில் போனவர். கூட வந்ததெல்லாம் ஆண்கள். பெண்களை வழக்கப்படி தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பாண்டிமீனா துணியில் கை வைத்ததும், செத்தவரின் தம்பி கருத்தப்பாண்டி பாய்ந்து வந்தார்.

"கைய எடும்மா. எங்கண்ணன் மேல பொம்பள கை படக் கூடாது."

"பாக்காம உள்ள அனுப்ப முடியாதுண்ணே."

"நாங்க பாத்தாச்சு. ஒண்ணுமில்ல, தள்ளு."

"நீங்க வெளிய போயிருவீக. கதவுகிட்ட நிக்கப் போறது நாந்தான?"

அவர் உடனே பாலகுருவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பிடித்தார். "எதுக்கு வம்பு, பாண்டிமீனா? அனுப்பி விட்டுரு" என்றார் பாலகுரு.

அவள் உலையின் பட்டனைப் பார்த்தாள். அதை அமுக்கினால் போதும், வேலை நிலைக்கும். இந்த மனுசர் மடியில் என்ன இருந்துவிடப் போகிறது?

"சார், நாளைக்கு ஆள மாத்திக்கோங்க" என்றாள். "இன்னிக்கு நாந்தான் இருக்கேன்."

கருத்தப்பாண்டி வாயெடுக்கும் முன் அவள் கை துணிக்குள் போய்விட்டது. இடுப்பு மடிப்பில் நின்றது. காக்கித்தாள், இறுக்கிச் சுற்றிய சணல், திரி. அவள் விரல்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்த அந்த உருண்டையை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்தாள். வானத்தில் போய் விரிகிற பேன்சி வெடி.

வந்தவர்கள் எல்லாரும் பட்டாசுத் தொழிலாளிகள். விளக்கம் தேவைப்படவில்லை. மொத்தக் கூட்டமும் வாசல்வரை பின்வாங்கியது. பாண்டிமீனா அதைத் தண்ணீர் வாளியில் அமுக்கினாள்.

கருத்தப்பாண்டி அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டார். "எந்தப் பய வச்சாம்னு கேளுங்க!"

போனில் வந்தது சீனிச்சாமியின் மனைவி சோலையம்மாளின் குரல்.

"நாந்தான் வச்சேன், கொழுந்தனாரே. வாய்க்கரிசி போடுறப்ப."

"மதினி! அது வெடிக்கும்னு தெரியாதா?"

"தெரியும். மேல போயித்தான வெடிக்கும்? வெட்டவெளியில வச்சு எரிப்பீகன்னுல்ல நெனச்சேன். அந்த எடத்த என்னிக்காச்சும் என் கண்ணுல காட்டியிருக்கீகளா?" குரல் உடைந்தது. "அவுக கடைசியாச் செஞ்சது. நான்தான் கூட வரக் கூடாது, அதாச்சும் போகட்டும்னு வச்சேன்."

கருத்தப்பாண்டி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உலைக் கதவைப் பார்த்தார். அது ஒரு ஆள் உயரம்கூட இல்லை. பக்கத்தில் பாண்டிமீனா நிற்கிற இடத்தையும் பார்த்தார்.

பிறகு அண்ணனிடம் போனார். மாலைகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்து ஓரமாக வைத்தார். அண்ணனின் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, இந்தப் பக்கம் இன்னும் நீங்க பாக்கலையே."