மாஸ்டர் மூக்கு

முதல் கிண்ணம் மேசைக்கு வந்ததும் மாஸ்டரம்மா செய்த காரியத்தைப் பார்த்துச் சம்பந்தியம்மாவின் புருவம் மேலே போனது. விருந்தாளிக்குப் பரிமாறவில்லை, மருமகன் தட்டில் ஒரு கரண்டி வைக்கவில்லை. வெயிட்டர் வைத்த சூப்பைத் தன் பக்கம் இழுத்து, அதன் மேல் குனிந்து, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கிண்ணம் மற்றவர்கள் பக்கம் நகர்ந்தது. வறுவல் வந்தபோதும் அதே கூத்துதான். பருப்பு வந்தபோது சம்பந்தியம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டீங்களா சம்பந்தி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இல்ல, சூடு எப்படி இருக்குன்னு பாத்தேன்."

மேசைக்கு அடியில் மகள் அவள் காலை மிதித்தாள். மருமகன் நல்ல பிள்ளை, சுவரில் மாட்டியிருந்த படத்தை அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தான். மாஸ்டரம்மாவுக்குக் காது மடல் சுட்டது. பசிக்கு அலைகிற பொம்பளை என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, இந்த ஒரு மத்தியானம் ஒழுங்காகக் கழிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணம் ஆகி ஐந்து மாதம்தான் ஆகிறது. "உங்க அப்பா சமையலைப் பத்தி ஊரே பேசுதே, நமக்கு ஒரு வாய் கிடைக்காதா" என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். மகள் பெருமை தாங்காமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேசை சொல்லி வைத்துவிட்டாள். வீட்டிலேயே சாப்பிடலாமே என்று அம்மா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வீட்டுல அப்பா சுடுதண்ணிகூட வைக்க மாட்டாரு. அங்க வந்தாத்தான் அவரு மாஸ்டர்" என்றாள். அதுவும் உண்மைதான். பத்தொன்பது வருஷமாக அந்த உணவகத்தின் அடுப்படி அவர் ராஜ்ஜியம். அவர் கையால் தாலி கட்டிக்கொண்ட ஒரே தகுதியில், துணி தைத்துப் பிழைக்கிற அவளுக்கும் தெருவில் மாஸ்டரம்மா என்ற பட்டம் கிடைத்திருந்தது.

அந்த அடுப்படியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாத்திரத்தையும் இறக்குவதற்கு முன்னால் உதவிக்கு நிற்கிற ஒல்லி, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மாஸ்டர் மூக்குக்கு நேரே நீட்டுவான். ஒல்லிக்கு நாற்பது வயதாகிறது, பெயருக்கு ஏற்ற உடம்பு. மாஸ்டர் நாக்கில் வைக்க மாட்டார். பத்துப் பதார்த்தம் ருசி பார்த்தால் நாக்கு மரத்துப்போகும் என்பது அவர் கட்சி. கண்ணை மூடி ஒரு தரம் மூச்சை இழுப்பார். உப்பு குறைச்சல் என்பார், மல்லியை இன்னும் வதக்கியிருக்கணும் என்பார், அடி லேசாகப் பிடிக்கிறது பார் என்பார். எல்லாம் சரியாக இருந்தால் தலையை ஆட்டுவார். அவர் தலையாட்டினால்தான் சாப்பாடு வெளியே போகும். அவருக்கு முந்தி வேறு யாரும் மோந்து பார்க்கவோ வாயில் வைக்கவோ கூடாது. உப்பு இருக்கிறதா என்பதைக்கூட மோந்தே சொல்கிறாரே என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, 'மாஸ்டர் மூக்கு' என்பது அங்கே ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

அந்த மூக்கு போய் எட்டு மாதம் ஆகிறது.

ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தார், எழுந்தார். பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால் வீடு முழுக்கப் புகை. பால் பொங்கி, வற்றி, கருகி, பாத்திரம் சிவந்துகொண்டிருக்கிறது. அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து மனுஷர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவள் போட்ட சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தவர், புகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேப்பரை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். அந்தக் குரலை அவள் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்று மாஸ்டர் கிளம்பினார். வாசலை மறித்துக்கொண்டு நின்றவள் அவள். மூக்கில்லாத மாஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஐம்பத்தாறு வயதில் எந்தக் கடையில் போய் நிற்பது? "பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்றாள். கல்யாணம் முடிந்தது. "அவ அங்க கொஞ்சம் நிலைச்சு நிக்கட்டும்" என்றாள். மகளுக்குக்கூட விஷயம் தெரியாது. அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒரு நாள் கேட்டபோது, கைவாகு இருக்கிறது, கண் இருக்கிறது, அதற்கு மேல் ஒல்லியின் முகம் இருக்கிறது என்றார். கரண்டியை நீட்டும்போது அவன் முகம் கொஞ்சம் சுளித்தாலும் இவர் தலையாட்ட மாட்டாராம். இன்று காலையில் அவர் கிளம்பும்போதுகூட, எல்லாவற்றையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். "வழக்கமில்லாததைச் செஞ்சா ஏன்னு கேப்பாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சரி, இன்று அவருக்கு நான் மூக்காக இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் அவள் அந்த மேசையில் அப்படி உட்கார்ந்திருந்தாள்.

குருமா வந்தது. தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றிய காய்கறிக் குருமா, அந்தக் கடையின் பேர்பெற்ற சரக்கு. மூக்குக்கண்ணாடி போட்ட வெயிட்டர், சம்பந்தியம்மாவுக்கு முன்னால் அதைப் பதவிசாக வைத்தார். மாஸ்டரம்மா கையை நீட்டிக் கிண்ணத்தை இழுத்தாள். சம்பந்தியம்மா இந்தத் தடவை புருவத்தைக்கூடத் தூக்கவில்லை, மகனைத்தான் பார்த்தாள்.

மேலே ஏலக்காயும் கிராம்பும் ஜோராக மணத்தன. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோய், இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் வருமே, அந்த வாடை. அவள் மறுபடி குனிந்தாள். சந்தேகமே இல்லை. நேற்றே அரைத்து வைத்த தேங்காய் ஊசிப்போயிருக்கிறது. போன வாரம்தான் கடை ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணுகிறது என்று அவர் சொன்னார்.

யோசிக்க நேரமில்லை. மருமகன் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டு காத்திருந்தான். மாஸ்டரம்மா தண்ணீர் டம்ளரை எடுப்பதுபோல் முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். குருமா மொத்தமும் அவள் மடியில். சூடு தொடையில் ஏறியது.

"என்னம்மா ஆச்சு உனக்கு இன்னிக்கு" என்றாள் மகள். கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியே விட்டது.

கண்ணாடிக்காரர் துணியோடு ஓடிவந்தார். "பரவாயில்லம்மா, இதுக்கென்ன, வேற கொண்டாரேன். அண்டா நிறைய இருக்கு."

அண்டா நிறைய. அதைத்தான் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தன் மேசை, தன் சம்பந்தி, தன் மானம் என்றே குறியாக இருந்துவிட்டாள். இப்போது நிமிர்ந்து பார்த்தால் கூடம் நிறைய ஆட்கள். அந்த மூலையில் நாலு கிழவர்கள், ஜன்னல் ஓரத்தில் ஆபீஸ் கூட்டம் ஒன்று. அவர்கள் மேசைக்கெல்லாம் குருமா இன்னும் வரவில்லை. பக்கத்து மேசைக்கு மட்டும் வந்துவிட்டது. அங்கே ஒரு தாய், உயர நாற்காலியில் உட்கார வைத்த குழந்தைக்காகச் சோற்றில் அதை ஊற்றிக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டரம்மா கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்தாள். "நீங்க மோந்து பாத்தீங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒரு மாதிரி இருக்குன்னு எனக்கும் பட்டுச்சும்மா. இறக்கினப்புறம் ஒல்லிகூட யோசிச்சான். ஆனா மாஸ்டர் தலையாட்டிட்டாரே. அவர் மூக்குக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரிஞ்சிடப்போவுது?"

மாஸ்டர் ஒல்லியின் முகத்தைப் பார்த்திருக்கிறார். ஒல்லி மாஸ்டர் முகத்தைப் பார்த்திருக்கிறான். ஒருத்தரை ஒருத்தர் நம்பி, கடைசியில் யாருமே மோந்து சொல்லாத குருமா ஒன்று வெளியே வந்துவிட்டது. 

மாஸ்டரம்மா எழுந்தாள். சேலையில் மஞ்சளாக வழிய வழியப் பக்கத்து மேசைக்குப் போனாள். "குழந்தைக்கு அது வேண்டாம்மா, காரம் ஜாஸ்தி" என்றாள்.

அந்தத் தாய் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "காரமே இல்லையேம்மா" என்றாள். மசாலா மணத்தில் அவளுக்கு வாடை பிடிபடவில்லை, தப்பாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த உருண்டையை உருட்டினாள். குழந்தை வாயைத் திறந்தது.

பொய் அவ்வளவு தூரம்தான் வந்தது. அந்தக் கையை மாஸ்டரம்மா பிடித்துவிட்டாள். "கெட்டுப்போயிருக்கும்மா. குடுக்காதீங்க. யாருமே சாப்பிடாதீங்க."

அவள் கத்தவில்லை. ஆனால் கூடத்தில் ஸ்பூன் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வாசல் பக்கத்து மேசையிலிருந்து முதலாளி எழுந்தார். சம்பந்தியம்மா எச்சில் கையைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். மகள் முகத்தைப் பார்க்க மாஸ்டரம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. நேரே அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே முதலாளி வந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடிக்காரர்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்தக் கதவைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. உள்ளே அனல் அடித்தது. வெள்ளைக் குல்லாயோடு அவள் புருஷன் வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், அவள் சேலையைப் பார்த்ததும், கை நின்றது. வீட்டில் அவர் இவ்வளவு உயரமாகத் தெரிந்ததில்லை.

முதலாளி குருமா அண்டாவின் மூடியைத் தூக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன மாஸ்டர் இது? இதையா வெளிய அனுப்பினீங்க?"

மாஸ்டர் அண்டாவைப் பார்க்கவில்லை. முதலாளி முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தை. எட்டு மாதமாக அவர் செய்துவருவது அதுதான் என்று அவளுக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. எதிரில் இருக்கிற முகங்களைப் படித்துப் படித்து, நடந்தது என்ன என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

"என் தப்புதான் முதலாளி" என்றான் ஒல்லி. கையை அவசரமாகத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "கூட்டம் நெருக்குச்சு. மாஸ்டர்கிட்ட காட்டாமலே இறக்கிக் குடுத்துட்டேன்."

பச்சைப் பொய். மாஸ்டருக்கு ஒரு நாள் தவறிவிட்டது, சம்பந்தி வீட்டார் வந்திருக்கிற நாளில் அவர் தலை குனிய வேண்டாம் என்று நினைத்திருப்பான் பாவி.

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "குழந்தைங்க சாப்பிடுற இடம் இது. இதைவிட என்ன நடக்கணும்? நீ நாளையிலேருந்து வர வேண்டாம்."

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். முடிந்தது விஷயம். மாஸ்டர் சும்மா இருந்தால் போதும். மாஸ்டரம்மாவுக்கு, வெட்கக்கேடு, அந்த ஒரு நிமிஷம் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல்கூட இருந்தது. வேலை நிற்கும். பேர் நிற்கும். சம்பந்தியம்மாவிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அடுத்த நிமிஷமே அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. வாசலை மறித்து நின்றவள் அவள்தானே. அவள் விலகினால்தானே அவர் வெளியே வர முடியும்.

அவள் அவரைப் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. கதவை விட்டு நகர்கிறவள்போல் ஓரடி தள்ளி மட்டும் நின்றாள்.

மாஸ்டர் குல்லாயைக் கழற்றி மேடைமேல் வைத்தார். "அவன் காட்டினான் முதலாளி" என்றார். "காட்டாம அவன் ஒரு நாளும் இறக்கினதில்ல."

"அப்புறம்?"

மாஸ்டர் சுவரில் தொங்கிய கரண்டியை எடுத்தார். அடுப்பில் அடுத்ததாக இறக்க வேண்டிய பாத்திரத்தைத் திறந்தார். ஆவி குப்பென்று அவர் முகத்தில் அடித்தது, அவருக்கு அது வெறும் சூடு. ஒரு கரண்டி மொண்டார். எல்லோரும் பழக்கத்தில் அவர் மூக்கைப் பார்த்தார்கள். ஒல்லிகூட, இப்போது கண்ணை மூடுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

கரண்டி அவர் மூக்குக்குப் போகவில்லை. முதலாளியைத் தாண்டி, ஒல்லியைத் தாண்டி, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

கதவு திறந்தது. கையில் ஈரத்துணியோடு மகள் நின்றாள், அம்மா சேலையைத் துடைக்க வந்தவள். அப்பா கரண்டியை நீட்டுவதையும் அம்மா எதிரில் நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கரண்டிக் காம்பு வழியாகக் குழம்பு அவர் கையில் வழிந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாஸ்டரம்மா அவர் மணிக்கட்டைத் தன் கையால் தாங்கிக்கொண்டாள். கண்ணை மூடிக் குனிந்து, மூச்சை இழுத்தாள்.