முத்துப்பேச்சி சொன்ன எண்கள்

முகம்மது அனீஸ் பதினோரு வருஷமாக டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். அருப்புக்கோட்டையில் அவன் தெருவிலேயே அந்தப் பதினோரு வருஷத்துக்குள் மூன்று பிள்ளைகள் நிஜ டாக்டராகி ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாண வீடுகளில் யாராவது, "தம்பி இன்னும் படிக்குதா?" என்று கேட்பார்கள். தம்பிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. "கடைசிப் பாடம் மட்டும் பாக்கி மாமா" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிடுவான்.

வீட்டில் அது செல்லாது. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, ரெண்டு வருசத்துல முடிச்சிருவாருன்னு ஒங்க வீட்ல சொன்னாக. எந்த ரெண்டுன்னு சொல்லலை" என்பாள் அவன் மனைவி ஷர்மிளா பானு.

அவன் எடுத்துக்கொண்டது கோட்பாட்டு இயற்பியல். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், பேப்பரும் பேனாவும் சாயாவும் போதும் என்பதால்தான் கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் அதைத் தொட முடிந்தது. கரிசல் மண் காயும்போது ஏன் வெடிக்கிறது, வெடிப்பு எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதற்கு ஒரு சமன்பாடு எழுதியிருந்தான். மூன்று பக்கம் நீளம். அதைப் புரிந்துகொண்டவர்கள் உலகத்தில் நாலு பேர் இருக்கலாம். அதில் ஒருவர் அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த மூன்று பக்கத்துக்கு உயிர் கொடுத்தவன் சௌந்தரபாண்டியன், அனீஸுக்குப் பாண்டி. கல்லூரி விடுதியில் ஒரே அறை, ஒரே சோப்பு. பொருளாதாரம் படித்துச் சென்னையில் பெரிய நிறுவனத்தில் ஆராய்ச்சியாளனாகிவிட்டான். ஒரு பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தவன் பிரியாணித் தட்டோடு சமன்பாட்டைக் கேட்டான். கேட்டுவிட்டு, "ஏலே, வெடிப்போட ஆழத்தைப் பாத்துக் கீழ ஈரம் எவ்வளவு கெடக்குன்னு சொல்லிறலாம்னா, மழைக்கு முந்திப் புழுதியில வெதைக்கலாமா, பொறுத்துக்கலாமான்னு வெள்ளாமை பாக்குற சம்சாரி முடிவு பண்ணலாம்ல? மண்ணு விவசாயம், வெடிப்பு ஒன்னோடது, முடிவு என்னோடது. மூணையும் சேத்து ஒரே கட்டுரையாப் போடுவோம்" என்றான். அனீஸுக்கு அன்றைக்குப் பிரியாணி இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

நிலம் எம்.ரெட்டியபட்டியில் கிடைத்தது. முத்துப்பேச்சி என்கிற அம்மாளின் கரிசல் காட்டில் ஓரமாக ஒரு துண்டு. அதை இவன் சொல்கிற வரைக்கும் உழக்கூடாது. இருபத்தைந்து வெடிப்புகளுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து குச்சி நட்டான். பழைய குடைக் கம்பி ஒன்றைக் கொடுத்தான். வாரம் ஒருமுறை அந்தக் கம்பியை வெடிப்புக்குள் விட்டு, எத்தனை விரக்கடை இறங்குகிறது என்று முத்துப்பேச்சி பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இவன் போன் போடுவான். அவள் இருபத்தைந்து எண்களையும் சொல்வாள். முத்துப்பேச்சியின் ஒரு விரல் ஒன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர் என்பது அவனுடைய ஆய்வேட்டில் அடிக்குறிப்பாக இருக்கிறது.

நட்டதோடு சரி, அந்தப் பக்கம் அவன் போகவில்லை. கோட்பாட்டுக்காரன் காலில் மண் ஒட்டினால் கோட்பாடு கெட்டுவிடும் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வான். உண்மையில் வெயிலுக்கு ஆகாது.

முதல் கோடையில் வரைபடத்தில் புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடந்தன. இரண்டாம் கோடையில், சித்திரைக்குப் பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பதுபோல ஒழுங்காகக் கோட்டின் மேலேயே நின்றன. அக்காவுக்குக் கம்பி விடுவதில் கை தேறிவிட்டது என்று அனீஸ் நினைத்தான். கட்டுரை அச்சாயிற்று. பாண்டி அதை வெளிநாட்டில் போய் வாசித்தான். ஆய்வேடு உள்ளே போயிற்று. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசம் தை மாதத்தோடு முடிகிறது. அதற்குள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடந்தால் டாக்டர், இல்லையென்றால் பதினோரு வருஷமும் பழைய பேப்பர். வைவா வியாழக்கிழமை என்று தேதியும் வந்துவிட்டது. பரீட்சகராக வருகிறவர் வேளாண்மைப் பேராசிரியர். முந்தின நாள் அந்த நிலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அதனால்தான் திங்கட்கிழமை அனீஸ் பஸ்ஸேறி ரெட்டியபட்டிக்குப் போனான். குச்சியெல்லாம் நேராக நிற்கிறதா என்று பார்த்து, புல்லைச் செதுக்கச் சொல்லிவிட்டு வரலாம் என்று.

குச்சி இல்லை. துண்டு நிலம் முழுக்கப் பருத்தி மஞ்சளாகப் பூத்து நின்றது. அனீஸ் கொஞ்ச நேரம் பக்கத்து நிலத்தில் தேடினான். இடம் மாறி வந்துவிட்டோம் என்று நம்ப அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"அங்கிட்டு எங்க தேடுறீக? இதுதான் சார் ஒங்க இடம்" என்று முத்துப்பேச்சி களைக்கொத்தோடு நிமிர்ந்தாள். "பருத்தி எப்படி நிக்கு பாத்தீகளா? ரெண்டு வருசம் சும்மா கெடந்த மண்ணுல்ல."

"எப்பக்கா உழுதீக?"

"சித்திரையில ஒரு கோடை மழை பேஞ்சுச்சுல்ல, அப்ப. பக்கத்துக் காட்டை உழ வந்த டிராக்டர்காரன், இதென்ன மதினி தரிசாக் கெடக்குன்னு அவனாப் புண்ணியம் தேடிட்டான். நான் கஞ்சி எடுத்துட்டு வாரதுக்குள்ள குச்சியும் போச்சு, வெடிப்பும் போச்சு."

அனீஸ் விரல் விட்டு எண்ணினான். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. "ஆவணி வரைக்கும் வாராவாரம் எனக்கு நம்பர் சொன்னீகளே அக்கா."

"சொன்னேன்."

"எதைப் பாத்து?"

"மொத மூணு வாரம் பயந்துபோயிச் சொன்னேன். பாவம், மனுசன் நம்பி விட்டுட்டுப் போயிருக்காக, எப்படிச் சொல்லன்னு. அதுக்குப் பெறகுதான் தெரிஞ்சு கேக்கீகன்னு ஆயிப்போச்சே."

"எனக்கு என்ன தெரியும்?"

"காலேசுக்கு ஏதோ எழுதிக் குடுக்கணும் போலன்னு நெனச்சேன். நூறு நாள் வேலையில, வேலை இல்லாட்டியும் வந்து வரிசையா நிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்துப் போடுறாகள்ல, அது மாதிரி." அவள் அவனைச் சமாதானப்படுத்துகிற குரலில் தொடர்ந்தாள். "அதுக்காக வாயில வந்ததைச் சொல்லிறலை சார். கரிசலு எந்த மாசம் எத்தனை வெரக்கடை வெடிக்கும்னு எனக்குத் தெரியாதா? தப்பிப்போனா ஒங்க கொரலு காட்டிக் குடுத்துரும். கூடக்கொறயச் சொன்னா 'அப்படியாக்கா'ம்பீக. சரியா விழுந்துச்சுன்னா 'மாஷா அல்லா'ம்பீக. அதை வச்சு அடுத்ததைச் சொல்லுவேன்."

பதினோரு வருஷமாக எந்த மாணவன் மண்டையிலும் ஏறாத சமன்பாட்டை இந்த அம்மாள் போனில் மூச்சு விடுகிற சத்தத்திலேயே படித்திருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான்.

"நான் தெரிஞ்சு கேக்கேன்னு ஒங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"பாண்டி சார்தான். வைகாசியில காலேசுப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வீடு வீடாக் கணக்கெடுக்க வந்தாகள்ல, அப்ப இங்கயும் வந்து பாத்தாக. நான் அழுதேன். ஒங்ககிட்ட அவுகளே சொல்லிரணும்னு கேட்டேன். நான் சொல்லிக்கிறேம்மா, நீங்க எப்பவும் போல வெள்ளிக்கிழமை சொல்லிக்கிட்டே இருங்கன்னாக." அவள் முகம் மாறியது. "ஏன் சார், அவுக சொல்லலையா?"

அனீஸ் வேப்பமரத்துப் பக்கம் நடந்துபோய்ப் பாண்டிக்குப் போன் போட்டான். 'எந்த நிலம்?' என்று அவன் கேட்டுவிட்டால் போதும், இந்த அம்மாளுக்கு ஆள் அடையாளம் தப்பியிருக்கும், யாரோ ஒரு பாண்டியாக இருக்கும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

"பாண்டி, நெலத்துல பருத்தி நிக்குது."

"அந்தம்மா சொல்லிருச்சா?" என்றான் பாண்டி.

"அப்ப நெசம்தானா?" என்றான் இவன்.

"ஏலே, பதறாமக் கேளு. ஒன் சமன்பாடு சரி. அதுக்கு மொதக் கோடையே போதும். ரெண்டாவது சும்மா அலங்காரம்."

"அலங்காரம்னா ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப."

"ஆமா."

"அதான் சொல்லலை. ஒருத்தன் எத்தனை வருசம்லே படிப்பான்? ஷர்மிளா தங்கச்சி மூஞ்சியில முழிக்க முடியலைலே." பாண்டியின் குரல் கூட்டம் நடத்துகிறவன் குரலாக மாறியது. "வைவாவுக்குன்னு நாளைக்கு எப்படியும் ஒன் வீட்டுக்குக் கிளம்பி வாரேன்ல. பரீட்சகரை வேற நெலத்துக்குக் கூட்டிட்டுப் போவோம். ரெட்டியபட்டிக்கும் நரிக்குடிக்கும் நடுவுல தரிசுக்கா பஞ்சம்? குச்சி நட்டா நம்ம நெலம். கரிசலுக்கு ஆதார் கார்டா எடுத்து வச்சிருக்கான்?"

நல்ல வேடிக்கைதான். வேறு யாரையாவது ஏமாற்றுகிற கதையாக இருந்திருந்தால் அனீஸ் சிரித்திருப்பான். பாண்டிக்குப் பிடித்த பேச்சே சம்சாரிகள் கணக்கெடுப்பில் எப்படிப் பொய் சொல்வார்கள் என்பதுதான். கேட்கிறவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் பதில் வரும், அதனால் போனில் கேட்ட எதையும் நம்பாதே என்று ஊர் ஊராகப் பாடம் எடுக்கிறவன். அவ்வளவு தெரிந்தவன், போனில் வந்த எண்கள் கோட்டின் மேல் வரிசையாக நிற்பதை நாலு மாதம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

"ஆடியில நான் வரைபடம் அனுப்பினேன்ல. நீ போன்ல அழுத. பதினோரு வருசம் வீண் போகலைடான்னு. அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்" என்றான் பாண்டி. பிறகு, "அழுதது நெசம்லே."

அதுதான் அனீஸைப் போட்டு உலுக்கியது. பொய்யாக அழுதிருந்தால் கெட்ட பயல் என்று தலைமுழுகிவிடலாம்.

"கட்டுரையைத் திருப்பி வாங்கிருவோம் பாண்டி."

"அதுல என் பேரும் இருக்கு. அதை வச்சுத்தான் எனக்கு ப்ரொமோஷனே வந்துச்சு. எனக்கும் பிள்ளைக இருக்கு அனீஸு."

'நமக்கு' என்றே பேசிப் பழகிய வாயில் முதன்முறையாக 'எனக்கு' வந்தது. அனீஸ் போனை வைத்தான்.

வேப்பமரத்தடியில் நின்றே கட்டைவிரலால் நாலு வரி அடித்தான். சித்திரைக்குப் பிந்தைய அளவுகள் எதுவும் அளந்தவை அல்ல, நிலத்தைப் போய்ப் பார்க்காதது என் தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், ஆய்வேட்டையும். 'பெறுகிறோம்' என்பதை அழித்து 'பெறுகிறேன்' என்று மாற்றினான். முத்துப்பேச்சி பெயரை எழுதவில்லை. பாண்டி பெயரையும் எழுதவில்லை. எழுதத்தான் நினைத்தான், கை போகவில்லை. பத்திரிகைக்கும் வழிகாட்டிக்கும் அனுப்பினான்.

வழிகாட்டியிடமிருந்து உடனே பதில் வந்தது. பதினோரு வருஷத்தில் அவர் இவ்வளவு வேகமாகப் பதில் போட்டதில்லை. 'அவகாசம் இனி நீளாது. யோசித்துத்தான் அனுப்பினீர்களா?' இவன், 'ஆமா சார்' என்று போட்டான்.

முத்துப்பேச்சி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "தப்பு எம்மேலயா சார்?"

"இல்லக்கா."

"பருத்தி எடுத்ததும் தரிசாப் போட்டுடுறேன். வார கோடைக்கு ஒரு ஏரு விட மாட்டேன். நீங்க பக்கத்துலயே நின்னு அளந்துக்கோங்க."

கோடை வரும். பல்கலைக்கழகம் அதுவரைக்கும் பொறுத்திருக்காது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரிக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷர்மிளா எல்லாவற்றையும் கேட்டாள். குறுக்கே பேசவில்லை; அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப டாக்டர் இல்லை" என்றாள் கடைசியில்.

"இல்லை."

"அது போனாப் போகுது. அதுக்குப் பழகிருச்சு." தொழுகைத் துப்பட்டியை எடுத்துக் கையில் வைத்தபடி நின்றாள். "பாண்டி அண்ணன் இந்த வீட்ல எத்தனை நோம்புக்கஞ்சி குடிச்சிருப்பாக. நாளைக்கு ராத்திரி சாப்பாடு இங்கன்னு கறிக்கடையில ரெண்டு கிலோ சொல்லி வச்சிருக்கேன். அவுக வாராகளா?"

"கெளம்பி வாரேன்னுதான் சொன்னான்."

"நான் என்ன செய்யட்டும்?"

பாண்டி வாசலில் வந்து நின்றால் உள்ளே வா என்று தன் வாய் சொல்லிவிடும் என்பது அனீஸுக்குத் தெரிந்திருந்தது. அவனை நம்ப முடியாது என்பது ஒரு பக்கம்; தன்னையே நம்ப முடியாது என்பதுதான் பெரிய தொல்லை. போனை எடுத்தான். பாண்டியிடமிருந்து பதினேழு அழைப்புகள் இருந்தன. 'நாளைக்கு வராதே' என்று அடித்து, வேறு எதுவும் சேர்க்காமல் அனுப்பிவிட்டுப் போனை அணைத்தான்.

"கறிக்கடையில போயி அரைக்கிலோ போதும்னு சொல்லிட்டு வந்துடுறேன்" என்று செருப்பை மாட்டினான்.