ஜெசிந்தாவின் பில்ட் ஓடாத காலை

1

இளைஞர்கள் படிக்கிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் கதை வேண்டும் என்றார் பத்திரிகை ஆசிரியர். இளைஞர்கள் பத்திரிகை படிப்பதாக நம்பும் கடைசி மனிதர் அவர். விஷயம் கொடுத்தது என் தங்கை மகள் அமலா. ஜெசிந்தா அவளோடு வேலை பார்த்தவள்.

முதல் வரி: 'விழுப்புரத்து வானம் அன்று சாம்பல் நிறத்தில்...'

(வேண்டாம். ஜெசிந்தா உட்கார்ந்திருந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

2

விழுப்புரத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேலே அந்த சாஃப்ட்வேர் கம்பெனி. ஜெசிந்தா புதிதாகச் சேர்ந்தவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் சம்பளம் வாங்குபவள் அவள் ஒருத்திதான். முதலாளி கோகுலகிருஷ்ணன் அன்று காலை திண்டிவனத்தில், மல்லாட்டை (அந்தப் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்) வியாபாரிகளுக்கு ஏல ஆப்பைக் காட்டப் போயிருந்தார். காட்ட ஆப் இல்லை. எழுதின புரோகிராமையெல்லாம் கோர்த்து ஆப்பாக்கித் தரும் பில்ட், 'மெமரி போதவில்லை' என்று பாதியில் படுத்துக்கொண்டது.

"ஜல்தி பண்ணும்மா! எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்காங்க" என்று போனில் அவசரப்படுத்தினார்.

"நீங்க சொன்ன ஃபைல்லதான் சார் மெமரிய ஏத்திக்கினு இருக்கேன். கேக்க மாட்டேங்குது."

"இன்னும் ஏத்து."

ஏற்றினாள். பில்ட் அதே இடத்தில், அதே வார்த்தையைச் சொல்லி விழுந்தது.

3

இங்கே கோகுலகிருஷ்ணனை வில்லனாக்கலாம் என்று ஒரு மீசை வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டேன். பிறந்தநாளுக்கு ஊழியர்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கித் தருகிற மனிதர். தப்பு தன்னுடையதாக இருந்தால் உடனே மறந்துவிடுவார், அவ்வளவுதான்.

ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் வந்தது. மெமரி அளவு இருந்த இடத்தில் வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று எதையோ அடித்து ஓட்டினாள். பில்ட் சட்டையே செய்யவில்லை. அந்த வரியை அது படிக்கவே இல்லை! (என் நாவலின் இரண்டாம் பதிப்பில் செய்த திருத்தங்களுக்கும் இதே கதிதான்.)

தேடினாள். முதலாளி பேரில் இருந்த ஃபோல்டரில், அதே பெயரில் இன்னொரு ஃபைல். பில்ட் மதிப்பது அதைத்தான். பழைய கம்ப்யூட்டர் திணறியபோது அவர் குறைத்து வைத்த அளவு அதில் அப்படியே கிடந்தது. மாற்றினாள். பில்ட் முழுசாக ஓடி முடிந்தது. அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, அறையில் யாருமில்லை.

4

"ஆப் அனுப்பிட்டேன் சார். நீங்க உங்க ஃபோல்டர்ல வெச்ச செட்டிங்தான் தடுத்துக்கினு இருந்தது."



"இரும்மா, ஸ்பீக்கர்ல போடறேன்." பிறகு வியாபாரிகள் பக்கம்: "புதுப் பொண்ணுங்க, ஏதோ செட்டிங்க மாத்திட்டா. நீயே சொல்லும்மா அண்ணனுங்களுக்கு, என்னா தப்பு பண்ணினே?"

முடிவு அ: "என் தப்புதாங்க." வேலை நிரந்தரம்.

முடிவு ஆ: உண்மை. அதற்குப் பிறகு அவளுக்கு...

ஜெசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அண்ணே..." என்று ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தைரியமாக எழுதலாம், போகிற வேலை உங்களுடையது இல்லையே.