நான்கு அங்குலம்

அன்சலால் இலை கோக்க முடியவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

வேலை மிகச் சின்னது. ஒரு மேப்பிள் இலையை இரண்டு மெழுகுத் தாள்களுக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் இலை நொறுங்காமல் தோல் போல ஆகிவிடும். ஓரத்தைச் சுற்றி எட்டுத் துளை போட வேண்டும். ஒரு ஷூ கயிற்றை, அதன் நுனி கெட்டியாக இருப்பதால், ஒரு துளையில் மேலிருந்து விட்டு அடுத்ததில் கீழிருந்து எடுக்க வேண்டும். மூன்று வயதில் பாதிப் பேர் செய்துவிடுவார்கள். நான்கு வயதில் அநேகமாக எல்லோரும்.

அன்சலுக்கு நான்கு வயது ஆகிவிட்டது. போன வசந்தத்தில் இதே வேலையைக் காகிதப் பூவில் என் கண் முன்னால் செய்தவன் அவன். இப்போது அக்டோபர். கயிறு துளையைத் தேடி இலை முழுவதும் அலைகிறது, இலை மேசை மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பூசணியில் சின்ன மரக்குச்சிகளைச் சுத்தியால் அடித்து இறக்கும் விளையாட்டிலும் அப்படித்தான். குச்சியை நிறுத்திப் பிடிக்க மாட்டான். அடித்தவுடன் அது தெறித்து விழும். சோளக்கதிரிலிருந்து மணியை இடுக்கியால் பிடுங்கச் சொன்னால் கதிர் உருண்டு தரைக்குப் போகும்.

"வீட்டுல நல்லாத்தான இருக்கான்" என்றாள் அவன் அம்மா ஜோலீன். சீஸ் ஆலையில் இரவு வேலை முடித்து, தலையில் வலைத் தொப்பியின் தடத்தோடு அவனைக் கொண்டுவந்து விடுவாள். "நேத்து தரையில உக்காந்து டிவி ரிமோட்ட மொத்தமா கழட்டிட்டான். ஸ்க்ரூ எல்லாம் தனியா வரிசையா வெச்சிருக்கான். அந்தக் கைக்கு இங்க வந்தா என்ன ஆகுது?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லவும் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் பக்கத்தில் ஹாட்லி நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் பாலர் பள்ளி லூத்தரன் தேவாலயத்தின் அடித்தள அறையில் நடக்கிறது. அந்த அறையைப் பத்தொன்பது வருடம் நான் நடத்தினேன். ஆகஸ்டில் ஹாட்லி ஆசிரியர் பட்டத்தோடு பொறுப்புக்கு வந்தாள். நான் உதவியாளர் ஆனேன். அது போகட்டும். என் இலையுதிர்காலப் பெட்டியை அவள் தன் பெயரில் போட்டுக்கொண்டதுதான் மனதை விட்டுப் போகவில்லை. இலை கோப்பது, ஓக் கொட்டைத் தொப்பிகளை ஜோடி சேர்ப்பது, சிவப்புத் தாளை விரலால் கிழித்து மரம் ஒட்டுவது என்று பத்தொன்பது வருடத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, அட்டையில் எழுதி அதில் வைத்திருந்தேன். அவற்றைப் படம் எடுத்து, "ஹாட்லியின் இலையுதிர் மேசை" என்று தலைப்புப் போட்டு, எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பினாள். என் அட்டையில் என் எழுத்துப் பிழைகூட அப்படியே இருந்தது.

படம் நன்றாக வருவதற்காக நாற்காலிகளையும் மாற்றினாள். என் பழைய நாற்காலிகள் பெயின்ட் உதிர்ந்த குட்டைச் சனியன்கள். அவற்றைத் தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனையில் தள்ளிவிட்டாள். மூன்றை ஒருவர் முயல் கூண்டுக்குப் படியாக வைக்க வாங்கிப் போனார். அவை இருந்த இடத்தில் பதினாறு வெள்ளை மர நாற்காலிகள் வந்தன. அழகானவை. நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஜோலீன் போனதும் ஹாட்லி என்னிடம் தேன் சொட்டச் சொன்னாள்: "வெர்னா, அடுத்த வாரம் பெத்தவங்க வர்ற அறுவடைச் சனிக்கிழமை முடியட்டும். அதுக்கடுத்த திங்கக்கிழமை அன்சல ரெண்டு வயசு ரூமுக்கு மாத்திடலாம். கை இன்னும் பழகல. அடுத்த வருஷம் ஏறிக்கட்டும்."

"அந்த ரூம்ல அவன் தங்கச்சி இருக்கா."

"அதனால என்ன? ஜாலியாத்தான் இருக்கும்."

நான்கு வயதுப் பையனை டயப்பர் கட்டிய தங்கைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது ஜாலி! அன்றைக்கு மதியம் பூசணி விதைகளைக் கழுவிக்கொண்டே, ஹாட்லிக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அவள் காபியில் விதை போடுவதிலிருந்து ஆரம்பித்து, யோசனையில் நன்றாகவே முன்னேறினேன்.

அன்சலின் கைக்கு என்ன ஆகிறது என்பதற்கு விடை வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது, வறுத்த மீன் தட்டில்.

விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை என்றால் மீன். நானும் என் கணவர் மெர்லும் முப்பது வருடமாக அதே உணவகத்துக்குத்தான் போகிறோம். அன்று கூட்டம். உள்ளே மேசை கிடைக்காமல் பார் கவுன்டரில் உயரமான முக்காலிகளில் ஏறி உட்கார்ந்தோம். என் முக்காலியில் கால் வைக்கும் வளையம் உடைந்து போயிருந்தது. சாஸ் பொட்டலத்தைப் பிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. பல்லால் கடித்தேன். சாஸ் மெர்லின் சட்டையில் போய் விழுந்தது.

"என்னடி, ரெண்டு வயசுக் கொழந்த மாதிரி? ஒரு கையால பிரிச்சா எப்படி வரும்?" என்றார் மெர்ல், சட்டையைத் துடைத்துக்கொண்டே. "இந்தக் கைய கவுன்டர்லேர்ந்து எடு முதல்ல."

குனிந்து பார்த்தேன். என் இடது கை கவுன்டரின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பிடிக்கச் சொல்லவே இல்லை.

"என் முக்காலியில கால வெச்சுக்கோ" என்றார்.

வைத்தேன். கை தானாக விட்டது. அடுத்த பொட்டலம் ஒரே இழுப்பில் பிரிந்தது.

நான் மீனைச் சாப்பிடவில்லை. கண்ணை மூடி அன்சலைப் பார்த்தேன். வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வகுப்பிலேயே குள்ளமானவன். பாதம் இரண்டும் காற்றில் ஆடுகின்றன, அல்லது நாற்காலிக் காலைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கின்றன. வலது கையில் கயிறு. இடது கை? மேசையின் ஓரத்தில்! எப்போதும் மேசையின் ஓரத்தில். இலையைப் பிடிக்கக் கை இல்லை, குச்சியை நிறுத்தக் கை இல்லை, சோளக்கதிரை அமுக்கக் கை இல்லை. இலையுதிர்கால வேலை ஒவ்வொன்றும் இரண்டு கை கேட்கும். அவனிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை ஹாட்லி போன் பேச வெளியே போன ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்த்தேன். மேலே தேவாலய பெஞ்சிலிருந்து பாட்டுப் புத்தகங்களை அள்ளி வந்து, அன்சலின் பாதத்துக்கு அடியில் அடுக்கினேன். நான்கு புத்தகம் வைத்ததும் பாதம் சமமாகப் பதிந்தது. அவன் எதையும் கவனிக்கவில்லை. அவன் இடது கை மட்டும் மெதுவாக மேசை ஓரத்தை விட்டுவிட்டு வந்து இலையைப் பிடித்தது. எட்டுத் துளையில் ஆறைக் கோத்துவிட்டான்.

வாசலில் ஹாட்லியின் செருப்புச் சத்தம். புத்தகங்களை உருவி ஏப்ரனுக்குள் மறைத்தேன்.

ஏன் மறைத்தேன் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை பதினாறு குடும்பங்கள் வரும். பதினாறு பிள்ளைகளில் உயரமானவர்கள் எப்படியோ சமாளிப்பார்கள். மற்றவர்கள் ஹாட்லியின் மேசையில், ஹாட்லியின் நாற்காலியில், எல்லோர் முன்னாலும் தடுமாறுவார்கள். பெற்றோர் முகம் சுளிப்பார்கள். "போன வருஷம் வெர்னா இருந்தப்ப இப்படி இல்லையே" என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் காத்திருந்தேன். செவ்வாய் காத்திருந்தேன். புதன் காத்திருந்தேன். அது எனக்கு இனிப்பாகவே இருந்தது.

வியாழக்கிழமை அன்சல் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மிஸ் வெர்னா, என் கை மக்கு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்."

அழவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னான். இந்த மூன்று நாளும் நான் பழிவாங்கிக்கொண்டிருந்தது ஹாட்லியை அல்ல.

அங்கேயே, எல்லோரும் பார்க்க, பாட்டுப் புத்தகங்களை அவன் காலடியில் வைத்தேன். கோக்க ஆரம்பித்தான். ஹாட்லி வந்தாள்.

"ஐயோ, வெர்னா! பாட்டுப் புத்தகத்தப் போய் மிதிக்க விடறீங்களே, பாஸ்டர் பாத்தா என்ன ஆகும்?"

"அப்ப வேற ஏதாவது வைக்கலாம். கால் தரையில படணும் ஹாட்லி, அதான் விஷயம். நாற்காலி உயரம்."

"இது அளவு பாத்து வாங்கினது."

"யாரோட அளவு? இது ரெண்டாம் வகுப்புப் பசங்களுக்குப் போடறது."

"பதினாறும் ஒரே மாதிரி இருக்கணும். ஒருத்தனுக்கு மட்டும் காலடியில பெட்டி, கட்டைன்னு வெச்சா சனிக்கிழமை ஃபோட்டோவுல குப்ப மாதிரி தெரியும்." புத்தகங்களை எடுத்து என் கையில் திணித்தாள். "உங்களுக்குப் பழைய நாற்காலி மேல பாசம். புரியுது. ஆனா விடுங்க."

பதினாறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சரி. அந்த ஆசையை நான் நிறைவேற்றி வைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பள்ளி கிடையாது. மெர்லையும் அவர் ரம்பத்தையும் கூட்டிக்கொண்டு அடித்தள அறைக்கு இறங்கினேன்.

"இது குத்தமில்லையா?" என்றார்.

"குத்தந்தான். கட்டையப் பிடி."

நாற்காலிக் காலை அறுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு காலிலும் தனியாக அளவு நாடா வைத்துக் குறித்தால், கடைசியில் நாற்காலி ஆடும். ஆட்டத்தை நிறுத்த ஒரு காலைக் கொஞ்சம் அறுப்போம், பிறகு இன்னொன்றை, முடிவில் பலகைதான் மிஞ்சும். அதனால் தரையிலிருந்து குறிக்க வேண்டும். நான்கு அங்குல உயரமுள்ள மரக்கட்டை ஒன்றை எடுத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்துப் பிடித்து, கட்டையைத் தரையோடு நகர்த்திக் காலைச் சுற்றி வந்தால் போதும். கால் சாய்வாக இருந்தாலும் கோடு தரைக்குச் சமமாகவே விழும். கோட்டோடு அறுத்தால் நாற்காலி நிற்கும், ஆடாது.

பதினாறு நாற்காலி, அறுபத்து நான்கு கால். உட்காரும் பலகை பதினான்கு அங்குலத்திலிருந்து பத்துக்கு இறங்கியது. நாற்காலி இறங்கினால் மேசையும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையின் தாடை மேசையில் இடிக்கும். மேசைக் கால்களில் உயரத்தை மாற்றும் திருகாணி இருந்தது. அவற்றையும் நான்கு அங்குலம் இறக்கினோம். ஒவ்வொரு முறை ரம்பம் மரத்தை முடித்துத் துண்டு தரையில் விழும்போதும் ஒரு டொக் சத்தம். அறுபத்து நான்கு டொக். ஒன்றுகூட எனக்கு அலுக்கவில்லை.

"முப்பது வருஷத்துல முதல் தடவையா வெள்ளிக்கிழமை மீன் போச்சு" என்றார் மெர்ல், மரத்தூளைத் தட்டிக்கொண்டே. "அந்தப் பொண்ணு உனக்கு என்னதான்டி பண்ணிச்சு?"

"என் எழுத்துப் பிழையத் திருடிட்டா."

வெட்டிய துண்டுகளை ஒரு கூடையில் அடுக்கினேன். அலங்கார மேசையில், சுரைக்காய்களுக்கும் சோளக்கதிர்களுக்கும் நடுவில், ஆரஞ்சு ரிப்பன் கட்டி வைத்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் ஆப்பிள் சாறும் டோனட்டுமாக நிறைந்துவிட்டார்கள். ஹாட்லி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். முதலில் நாற்காலிகளைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தாள். ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். வெள்ளைப் பெயின்ட். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"என் நாற்காலிங்கள என்ன பண்ணீங்க?"

"பதினாறும் ஒரே மாதிரிதான் இருக்கு. பாத்துக்கோங்க."

"வெர்னா!"

"குப்ப மாதிரி எதுவும் தெரியாது. தைரியமா ஃபோட்டோ எடுங்க."

அறை அமைதியாகிவிட்டது. அதனால் சுத்தியல் சத்தம் தெளிவாகக் கேட்டது. அன்சல் பூசணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இடது கை விரல்கள் குச்சியை நிறுத்திப் பிடித்திருந்தன. வலது கை அடித்தது. குச்சி இறங்கியது. அடுத்ததை எடுத்தான். அவன் பக்கத்தில் முழுவதும் கோத்த இலைகள் மூன்று கிடந்தன. சுற்றிலும் மற்ற பிள்ளைகளும் இரண்டு கையாலும் கிழித்துக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்தார்கள். மேசை ஓரத்தை ஒருவரும் பிடித்திருக்கவில்லை.

"உங்களுக்கு இனிமே இங்க வேலை இல்ல" என்றாள் ஹாட்லி தாழ்ந்த குரலில்.

"தெரியும். சாவி உங்க மேசையில இருக்கு, பக்கத்துலயே என் அட்டைங்களோட அசலும் இருக்கு. அடுத்த தடவ பிழையத் திருத்திட்டு அனுப்புங்க."

அவள் காது சிவந்ததை நான் நிதானமாகப் பார்த்தேன். பத்தொன்பது வருடத்துக்கு அது போதுமான விலை இல்லைதான். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ஜோலீன் எங்கள் இருவரையும் தாண்டிப் போய் மகனுக்கு அருகில் மண்டியிட்டாள். கொஞ்ச நேரம் அவன் கைகளையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "இவன் எந்த ரூமுக்கும் இறங்கப் போறதில்ல" என்றாள் ஹாட்லியிடம். என்னிடம் கேட்டாள்: "கைய என்ன பண்ணீங்க?"

"கைய ஒண்ணுமே பண்ணல" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "பாதம் ரெண்டும் தரையில பதியணும், முட்டி செங்கோணமா மடங்கணும். அப்பதான் கொழந்த விழுந்துடாம இருக்க மேசையப் பிடிக்காது, ரெண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். நாற்காலி உயரமா இருந்தா கால அறுங்க. அறுக்க மனசு வரலன்னா, காலுக்கு அடியில ஒரு பெட்டிய வைங்க."