நிற்கும்போது வரும் சத்தம்

"இந்தப் பிளக்கை யாரும்மா கழட்டுறது?" என்று அத்தான் என்னிடம் கேட்டார்.

நான் அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும், வீட்டுக்குள் போகும் கதவை அடைத்தாற்போல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். அப்பா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பதில் தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் வீட்டின் முன்பாதி பட்டறை. மரப்பலகையில் எழுத்தும் பூவும் செதுக்கும் பழைய சிஎன்சி மெஷின் அதன் நடுவில் நிற்கிறது. அப்பா அதைப் 'பெரியவர்' என்பார். பெரியவர் செதுக்கியதை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது என் வேலை. பெரியவரின் வயிற்றுக்குள் கை விடத் தெரிந்த ஒரே ஆள் அத்தான், என் அக்காவின் கணவர்.

யார் மெஷின் நின்றாலும் அத்தான் ஓடுவார். வீட்டில் அக்கா கூப்பிட்டால் மட்டும் "இதோ வந்துட்டேன்" என்பார், வரமாட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்த அன்று போனையும் எடுக்கவில்லை. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். பின்னாலேயே வந்த அத்தானை அப்பா வாசலிலேயே நிறுத்தினார்.

"உங்களுக்கு மெஷின்தானே மாப்பிள்ளை பெரிசு? அதுங்களோடயே குடும்பம் நடத்துங்க."

அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. அத்தான் திரும்பிப் போய்விட்டார்.

அப்புறம் பெரியவர் படுத்துக்கொண்டார். செதுக்கும் தலையை நீளவாக்கில் நகர்த்தும் மோட்டார் ஓடாமல், குளிரில் நடுங்குவதுபோல் உதறியது. வேறு மெக்கானிக்குகள் வந்து பார்த்து, "இதையா ரிப்பேர் பண்ணச் சொல்றீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அப்பா என் பக்கம் பார்க்காமலேயே சொன்னார்: "உங்க அத்தானுக்குப் போன் போடு. மெஷினைப் பாக்கட்டும், போகட்டும். உள்ள வரக் கூடாது."

அத்தான் வந்தார். அப்பா கதவை மறித்து ஸ்டூலைப் போட்டார். கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தால், மோட்டாருக்கு ஒன்றாக 'டிரைவர்' என்ற சின்னப் பெட்டிகள் இருந்தன; ஒன்றில் சிவப்பு விளக்கு மின்னியது. அத்தான் அந்த மோட்டாரின் ஒயரைப் பக்கத்து டிரைவரில் மாட்டிப் பார்த்தார். மோட்டார் சமர்த்தாகச் சுற்றியது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு மாமா. அதுக்குக் கரண்டை அளந்து குடுக்கிற டிரைவர்தான் போயிடுச்சு."

புது டிரைவர் போட்டார். பெரியவர் எழுந்துகொண்டார். புறப்படும்போது அத்தான் ஸ்டூலையும் அதற்குப் பின்னால் இருந்த இருட்டான நடைவழியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனார்.

சில நாட்களில் அந்தப் புது டிரைவரும் போனது.

"பழசு போகலாம், புதுசு ஏன் போகணும்?" என்று இந்த முறை வந்ததும் அத்தான் கேட்டார்.

"போட்ட லட்சணம் அப்படி. இதுவும் போச்சுன்னா பெரியவரை எடைக்குப் போட்டுடுவேன். அப்புறம் உங்களுக்கும் இந்தப் பக்கம் வேலை இருக்காது" என்றார் அப்பா.

அத்தானின் முகம் சுருங்கியது. இந்த மெஷினை விட்டால் அவருக்கு இந்த வீட்டுக்கு வர வேறு வழி கிடையாது.

அதற்குப் பிறகுதான் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, அதன் பின்களில் கரி படிந்திருப்பதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பிளக்கை யார் கழட்டுறது என்று என்னிடம் கேட்டார்.

"கரண்ட் இருக்கும்போதே புடுங்கியிருக்காங்க. அப்படிப் புடுங்கினா டிரைவர் அடிபட்டுடும்."

பிடுங்கியது அப்பா. பெரியவர் ஓடும் சத்தத்தில் குழந்தை நன்றாகத் தூங்கும். நிற்கும்போதுதான் தொல்லை. வேலையை நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால், மோட்டார் நின்ற இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, காதுக்குள் கொசு நுழைந்தாற்போல் கீச்சென்று கத்தும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொட்டில். மெயின் ஸ்விட்சை அணைத்தால் பெரியவர் விட்ட இடத்தை மறந்துவிடுவார், பாதி செதுக்கிய பலகை வீணாகும். அதனால் அப்பா அந்த ஒரு பிளக்கை மட்டும் உருவிவிட்டு, சாப்பிட்டு வந்து மறுபடி செருகுவார்.

இதை நான் எப்படிச் சொல்வது? பட்டறையில் எது கெட்டாலும் காரணம் மழை, மின்சாரம், நான், அப்புறம் அத்தான். அந்த வரிசையில் அப்பா வந்ததே இல்லை.

"சரி, விடும்மா" என்றார் அத்தான். பிளக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இன்னொரு புது டிரைவரை மாட்டினார். ஒரு பலகையை வைத்து ஓடவிட்டார். பெரியவர் ஒரு இலையைச் செதுக்கி, அடுத்த இலையில் பாதி போனதும், டிரைவரின் சூடு பார்ப்பதற்காக அத்தான் நிறுத்தினார்.

கீச்.

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. பிறகு வீறிட்டது. அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து பிளக்கின் மேல் கை வைத்தார்.

"மாமா! வேணாம்!"

அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா தன் கையையே யாருடையதோ போலப் பார்த்தார். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது.

"குழந்தை தூங்கணும்ல..." என்றார். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது அத்தான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். 'போட்ட லட்சணம்' என்று அப்பா சொன்னதையே திருப்பிச் சொல்லலாம். ஆனால் அத்தான் மெயின் ஸ்விட்சை அணைத்தார்.

"பலகை வீணாப் போகுமே" என்றேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

"போகட்டும்மா."

டிரைவரின் பக்கவாட்டில், அரிசி அளவில் வரிசையாக ஸ்விட்சுகள் இருந்தன. அதில் ஒன்றை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தள்ளிவிட்டு, மறுபடி கரண்ட் கொடுத்தார். பெரியவர் விழித்துக்கொண்டார். சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டால் மட்டும் மூச்சு விடுவதுபோல் ஏதோ கேட்டது. உள்ளே அழுகை விக்கலாகி, அடங்கியது.

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வந்தாள். ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்? மறுபடி போச்சா?"

"போகல" என்றார் அத்தான். "நிக்கும்போது அதுக்குப் பாதி கரண்ட் போதும். மாத்தி வச்சுட்டேன்."

"இதை முதல் தடவையே பண்ணியிருக்கலாம்ல?"

"தொட்டில் இந்தச் சுவரோரம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

அத்தான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அவர் பையில் போன் அடித்தது. எந்த மெஷினோ, எங்கேயோ. அவர் அதை எடுத்து, பார்க்காமலேயே அணைத்தார்.

"கேக்கல" என்றார். "தப்புதான். இப்ப கேக்கறேன். காய்ச்சல் சரியாப் போச்சா? ராத்திரி தூங்குதா? நீ தூங்கறியா?"

அக்கா, குழந்தையின் முகம் அவர் பக்கம் தெரியும்படி தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அத்தான் ஒரு அடி வைத்து, ஸ்டூலைப் பார்த்து நின்றார்.

அக்காவும் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து ஸ்டூலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்டூலோடு தெருவில் இறங்கிப் போனார்.