கள்ளிமேட்டு ஓட்டு

பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில்தான் சந்தனமேரி மேலக்களம் ஊராட்சித் தலைவரானாள். எதிர்த்து நின்ற பிரகதீஸ்வரிக்கு மேலக்களத்தில் சொந்தக்காரக் கூட்டம் பெரிது. அந்த ஊர்ச் சீட்டுகளை எண்ணி முடித்தபோது சந்தனமேரி பின்தங்கித்தான் இருந்தாள். கடைசியாகக் கள்ளிமேட்டுச் சீட்டுகளைப் பிரித்தார்கள். ஐம்பத்தெட்டும் அவளுக்கே விழுந்திருந்தது.

கள்ளிமேடு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முப்பத்தொரு வீடு, எல்லாம் கூலிக்குப் போகிற வீடுகள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் மூன்றும் ஓடைக்கு இந்தப் பக்கம். வெயில் காலத்தில் மணலில் நடந்து வந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவுதான் தண்ணீர் ஓடும், ஆனால் இழுப்பு அதிகம். சுற்றிக்கொண்டு வந்தால் ஏழு கிலோமீட்டர். அதனால் மழை மாதங்களில் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்றே அந்த ஊரில் வைத்துக்கொண்டார்கள். ஓட்டுக் கேட்டுப் போனபோது அவர்கள் சந்தனமேரியிடம் கேட்டது ஒரு பாலம் மட்டும்தான்.

அவள் மறக்கவில்லை. மகளிர் குழுவைப் பத்து வருஷம் நடத்தியவள், எந்த ஆபீசில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவள். கிராம சபையில் தீர்மானம் போட்டாள். யூனியன் ஆபீசிலிருந்து என்ஜினியரை அழைத்துவந்து ஓடையை அளக்க வைத்தாள். அதற்குள் கொரோனா வந்து இரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டது.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில் மூக்கனின் மூத்த மகள் சத்யா ஓடையில் விழுந்தாள். அவள் குளத்தூர்ப் பக்கம் ஹைஸ்கூலில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். மழையைப் பார்த்து நிற்காமல் தினமும் போய்வந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். கால் வழுக்கி நாற்பதடி தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வயலில் நின்ற இரண்டு பேர் குதித்துத் தூக்கினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அம்மா அழகி, பாலம் வருகிற வரைக்கும் இவள் படி தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

கேள்விப்பட்டு அன்றைக்கே சந்தனமேரி சுற்றுவழியில் கள்ளிமேட்டுக்குப் போனாள். சத்யா காய்ச்சலோடு படுத்திருந்தாள். அவள் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூக்கனையும் அழகியையும் எதிரில் வைத்துக்கொண்டே சந்தனமேரி சொன்னாள்: "ஒரு வருஷம் பொறுங்க. அடுத்த மழைக்குள்ள பாலம் வந்துரும். நான் சொல்றேன்."

பாலம் வந்தால் அதே வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா என்று சத்யா கேட்டாள். மறுவாரமே சந்தனமேரி ஹைஸ்கூலுக்குப் போய் ஹெட்மாஸ்டரிடம் பேசினாள். பிள்ளை வந்தால் போதும் என்று அவர் சொன்னதைத் திரும்பவும் கள்ளிமேட்டுக்கு வந்து சத்யாவிடம் சொன்னாள்.

பாலத்துக்கான கோப்பு யூனியன் ஆபீசிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய், ஊராட்சி நிதியில் செய்யக்கூடிய வேலை இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். ஒரு வருஷம் போனது. சத்யா வீட்டில் இருந்தாள். காலையில் ஆடு ஓட்டுவாள், சாயங்காலம் தங்கைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுப்பாள்.

இருபத்துநாலாம் வருஷம் தை மாதத்தில் எழிலரசன் வந்தான். கட்சியில் ஒன்றியப் பொறுப்பு அவனிடம் இருந்தது. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்றாலும் சந்தனமேரியை நிறுத்தி ஜெயிக்க வைத்ததில் பாதி அவன் ஓடிய ஓட்டம். எம்எல்ஏ நிதியில் மேலக்களத்துக்கு ஒரு வேலை ஒதுக்குகிறார்கள், தலைவர் எதை எழுதிக் கொடுக்கிறாரோ அதைச் செய்வார்கள் என்றான். சந்தனமேரி அவன் முடிப்பதற்குள் பாலம் என்றாள்.

எழிலரசன் கெட்டவன் இல்லை. சத்யா விழுந்த மறுநாள் காய்ச்சல் ஏறியதும் ஆஸ்பத்திரிக்குப் போகக் காரை அனுப்பியவன் அவன்தான். "பாலம் வேணாங்கலக்கா. இப்ப வேணாங்கிறேன்" என்றான். வருஷக் கடைசியில் தேர்தல். மேலக்களத்தில் கோயில் பக்கமும் சர்ச் பக்கமும் வெகுநாளாகக் கேட்பது கலையரங்கம். திருவிழா நாடகமும் அதில் நடத்தலாம், ஏசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்காவும் அதில் நடத்தலாம். இரண்டு பக்கமும் மகிழ்ந்துபோகும். பிரகதீஸ்வரி இப்போதே, நான் வந்தால் கட்டித்தருவேன் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மூக்கனுக்கு வாக்குக் குடுத்துட்டேன் தம்பி."

"கள்ளிமேட்டு ஓட்டு எங்கிட்டுக்கா போகப்போகுது? எப்படியும் ஒங்களுக்குத்தான் போடுவாங்க. நம்மள நம்புறவங்க காத்திருப்பாங்க. நம்பாதவங்களுக்குத்தான் மொதல்ல செய்யணும். ஜெயிச்சு வாங்க, அடுத்த அஞ்சு வருஷத்துல மொத வேலை பாலம்தான்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லாததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. தோற்றுப் போனால் பாலமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரகதீஸ்வரி ஓடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, கலையரங்கம் வருகிறதாமே என்று நாலைந்து பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். போன முறை அவளுக்குப் போடாதவர்களும் அதில் இருந்தார்கள். திங்கட்கிழமை கலையரங்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம் என்று தானே கள்ளிமேட்டுக்குப் போய் மூக்கனிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "சரிங்க. அடுத்த தடவை செய்யாமயா போயிருவீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அழகி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

"ஒம்பதாவதுல எத்தன வயசு வரைக்கும் சேத்துக்குவாங்க?" என்று கேட்டாள்.

சந்தனமேரி, விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். சத்யா அங்கேதான் நின்றிருந்தாள்.

கலையரங்கத்துக்கு அஸ்திவார வானம் தோண்டியதும் கலவை சுமந்ததும் கள்ளிமேட்டு ஆட்கள்தான். மூக்கனும் வந்தார். பார்க்கும்போதெல்லாம் தலைவரம்மா என்று துண்டை இறக்கினார். ஆனி மாதம் திறப்பு விழா. எம்எல்ஏ வந்தார், ரிப்பன் வெட்டினார், சந்தனமேரிக்குச் சால்வை போட்டார்கள். பிரகதீஸ்வரியின் சொந்தக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். அந்த வாரம்தான், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வேன் வந்திருந்தது. கள்ளிமேட்டிலிருந்து மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சத்யாவுக்கு அப்போது பதினாறு. பதினெட்டு என்று எழுதிக்கொண்டார்களாம். பத்து நாள் கழித்துத்தான் சந்தனமேரிக்கு அது தெரிந்தது. மூக்கனைக் கூப்பிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். விழா வேலையில் இருந்தீர்கள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்துவிட்டோம் என்றார்.

மார்கழியில் தேர்தல் வரவில்லை. தை பிறக்கும் முன்பே பதவிக்காலம் முடிந்தது. வார்டு எல்லை பிரிக்க வேண்டும், கோர்ட்டில் வழக்கு இருக்கிறது, சட்டசபைத் தேர்தல் முடியட்டும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யூனியன் ஆபீஸ் அதிகாரி ஒருவர் தனி அலுவலராக வந்து ஊராட்சியைப் பார்த்துக்கொண்டார். சந்தனமேரி ஆபீஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூன்று மாதம் வரை எழிலரசன் அடிக்கடி போன் செய்து, இதோ வந்துவிடும் என்றான். பிறகு அவனுக்கு வேறு வேலைகள் வந்தன. மேலக்களத்து ஓட்டுக்காக அவள் அந்தக் கையெழுத்தைப் போட்டாள். அந்த ஓட்டு ஒரு பெட்டியிலும் விழவே இல்லை.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் விராலிமலை பஸ் ஸ்டாண்டில் சத்யாவைப் பார்த்தாள். கையில் ஒரு பையோடு கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றாள். மெலிந்திருந்தாள், கன்னத்து எலும்பு தெரிந்தது. இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் மேலக்களம் வந்து இறங்கினார்கள். நான்கு நாளாக மழை. ஓடை நிறைந்து ஓடியது. தனியாகப் போக விட மனசில்லாமல் சந்தனமேரியும் அவளோடு சுற்றுவழியில் நடந்தாள்.

மில்லைப் பற்றிக் கேட்டதற்கு, சோறு பரவாயில்லை, பஞ்சுத் தூசியில் ராவெல்லாம் இருமல் வரும் என்று மட்டும் சத்யா சொன்னாள். தனித்தேர்வாகப் பத்தாவது எழுதலாமே, நான் பீஸ் கட்டுகிறேன் என்று சந்தனமேரி சொல்லிப் பார்த்தாள்.

"இனிமே படிப்பு வராதுங்க தலைவரம்மா. மொத வருஷம் படிச்சுக்கிட்டேதான் இருந்தேன். பாலம் வந்துரும் வந்துரும்னு இருந்துச்சு. அப்பறம் விட்டுப்போச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. சந்தனமேரி, "நான்தாம்மா மாத்தி எழுதிக் குடுத்தேன்" என்றாள்.

"தெரியும். அப்பா இப்பவும் ஒங்களுக்குத்தான் போடுவேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு." சத்யா பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "தங்கச்சி இப்ப எட்டாவது. அடுத்த வருஷம் ஹைஸ்கூலு. அதுக்குள்ள பாலம் வருமா?"

வந்துவிடும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலம்மா" என்றாள் சந்தனமேரி.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை புதுக்கோட்டைக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு வரிசையில் மூன்று மணி நேரம் நின்று மனுக் கொடுத்தாள். தலைவராக இருந்தவரை அவளை உள்ளே உட்கார வைத்துப் பேசியவர்களில் ஒருவர் அவளை அடையாளம் கண்டு சிரித்துவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. பயனடையும் மக்கள்தொகை குறைவு, புதிய ஊராட்சி மன்றம் அமைந்த பிறகு பரிசீலிக்கப்படும் என்று அதில் இருந்தது.

அதற்குள் அழகி சின்ன மகளை மீமிசல் கடற்கரையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். படிக்க வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள், கருவாட்டுக் கொட்டகையில் கூடமாட வேலையும் பார்க்கலாமாம். பஸ் ஏற்றிவிட்டு வருகிற வழியில் மூக்கன் சந்தனமேரி வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னார். இந்த முறை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. உள்ளே வந்து டீ குடிக்கச் சொன்னாள். ஓடையில் தண்ணி ஏறுவதற்குள் போகிறேன் என்று மூக்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தார்.