சத்தமில்லாத கடல்

என் மனைவி பிரேமலதாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், எழுதவும் வரும். யாராவது போனில் பேசினால் மட்டும் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மும்பை மாட்டுங்காவில் பத்ரிநாராயணன் என்பவர் சின்னதாக ஒரு டிராவல் ஆபீஸ் வைத்திருக்கிறார். அலிபாக், மால்வண் என்று கொங்கண் கடற்கரைப் பக்கம் ஆட்களை அனுப்பிவைக்கும் வேலை. போன் எடுத்துப் பதில் சொல்ல ஒரு பெண் வேண்டும் என்றார். தாராவியில் எங்களுக்கு அடுத்த வீட்டு அஸ்ரின் அங்கே டிக்கெட் போடுகிறாள். அவள்தான் பிரேமலதாவின் பெயரைச் சொன்னாள்.

இதற்காகவே பிரேமலதா மூன்று மாதம் படித்தாள். புத்தகத்தில் அல்ல, போனில் வரும் குட்டி வீடியோக்களில். ஒரு பெண் கடற்கரை கடற்கரையாக நடந்துகொண்டே ஒரு நிமிடம் இங்கிலீஷில் பேசுவாள். படகுத் துறை, மீன் காயப்போடும் களம், கலங்கரை விளக்கம், தண்ணீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம். அவள் பேசுவது கீழே வெள்ளை எழுத்தில் ஓடும். பிரேமலதா ஒவ்வொன்றையும் முப்பது நாற்பது தடவை பார்த்து நோட்டில் எழுதினாள். பத்ரி சார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்விகளுக்கெல்லாம் பிழையில்லாமல் பதில் போட்டாள்.

வியாழக்கிழமை மதியம் அவர் வாடிக்கையாளர் மாதிரி போனில் கூப்பிட்டு இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டார். முதல் கேள்விக்கு "எஸ் சார்" என்றாள். இரண்டாவதுக்கும் "எஸ் சார்". பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஸ்பீக்கரில் அவர் தமிழுக்கு மாறினார். "பரவாயில்லைம்மா, பதட்டமா இருக்கும். திங்கட்கிழமை இதே நேரத்துக்கு இன்னொரு தடவை கூப்பிடறேன். ஆனா அதுதான் கடைசி, என்ன? கூப்பிடறவா எல்லாம் இங்கிலீஷ்லதான் கேப்பா."

அன்று அஸ்ரினுக்கு லீவு. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே நான் சொன்னேன்: "மூணு மாசமா அந்தப் போனையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்தியே, என்னத்தட்டி படிச்ச?"

"அண்ணே, சும்மா இருங்க. சூப்பர்வைசர் இங்கிலீஷ்ல போன் பண்ணுனா, தூங்குதாருன்னு மதினியச் சொல்லச் சொல்லுத ஆளுதானே நீங்க?" என்றாள் அஸ்ரின்.

பிரேமலதா சிரிக்கவில்லை. "எனக்கு மண்டையில ஏறல. அவ்வளவுதான்" என்று அரிசி களையப் போய்விட்டாள்.

நான் டிராம்பேயில் ஓர் ஆலையின் பம்ப் ஹவுஸில் நைட் ஷிப்ட் பார்ப்பவன். உள்ளே பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் ஷிப்டுக்கு ஒரு ஜோடி காது அடைப்பான் தருவார்கள், ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சு. விரலில் உருட்டி மெலிதாக்கிக் காதுக்குள் விட்டால், அரை நிமிடத்தில் உப்பி அடைத்துக்கொள்ளும். பிரிக்காத ஜோடிகள் என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும்.

தண்ணீர் தராத பம்ப்பைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் பம்ப் கெட்டுவிட்டது என்று சொல்லக்கூடாது. கரண்ட் வருகிறதா, உறிஞ்சும் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். ஒரு பம்ப்புக்குக் கொடுக்கும் மரியாதையை நான் பிரேமலதாவுக்குக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகலில் அந்த நினைப்பில் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன்.

நோட்டைக் காட்டினேன், வாசித்தாள். அதே வாக்கியத்தை நான் சொன்னேன், புரிந்தது. "நீங்க பேசுதது நம்ம தமிழ் மாதிரில்லா இருக்கு" என்றாள். சரி, காதில் கோளாறு இல்லை. அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, படகுத் துறை வீடியோவைப் போட்டேன். சத்தமே இல்லை. வால்யூம் அடிமட்டத்தில் இருந்தது. ஏற்றினேன். கடல் இரைந்தது, அந்தப் பெண் பேசினாள்.

பிரேமலதா சட்டென்று திரும்பினாள். "யாரு இது? புது வீடியோவா?"

"நீ நாப்பது தடவ பாத்ததுதான்."

"இவ கொரலு இப்படியா இருக்கும்?"

"சத்தத்த ஏன் கொறச்சு வச்சிருக்க?" என்றேன்.

"எப்பவும் அப்படித்தான் வச்சிருக்கேன்."

"எப்பவும்னா?"

போனின் உடைந்த மூலையை அவள் விரலால் தடவினாள். "நீங்க எறிஞ்சீங்கல்லா, அன்னையில இருந்து."

அவள் படிக்க ஆரம்பித்த முதல் வாரம். ஷிப்ட் முடிந்து வந்து காலை பத்து மணிக்குப் படுத்திருந்தேன். ஒற்றை அறை வீடு. என் பாய்க்கும் அவள் அடுப்புக்கும் நாலடி தூரம். வீடியோச் சத்தத்தில் விழித்து, மனுஷன் தூங்க முடியுதா என்று கத்தி, போனைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். கைதவறி விழுந்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டிருந்தேன்.

அதன் பிறகு அவள் என் தூக்கத்தைக் கெடுக்காமல், ஓடுகிற எழுத்தை மட்டும் பார்த்துப் படித்திருக்கிறாள். வால்வை மூடியவன் நான். மூடிவிட்டு, ஏன் தண்ணீர் வரவில்லை என்று அஸ்ரின் முன்னால் கேட்டவனும் நான்.

"ஹெட்போனாவது மாட்டியிருக்கலாமே?" என்றேன். அப்போதும் தப்பில் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளப் பார்த்தேன்.

"மாட்டினா, கொழாயில தண்ணி வந்துட்டுன்னு கூப்புடுதது யாரு காதுல விழும்? நீங்கதான் தூங்குதீங்களே."

"ஒம் மண்டைல ஒரு கொறையும் இல்ல, பிரேமா. தப்பு என்னோடது. எறிஞ்சது தப்பு. அஸ்ரின் முன்னால கேட்டது அத விடத் தப்பு."

"அவகிட்டயும் சொல்லுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "இப்ப என்ன செய்ய? திங்கக்கெழமைக்கு மூணு நாளுதான். தூங்காம டூட்டிக்குப் போவீங்களா?"

ஆணியில் தொங்கிய சட்டையின் பைக்குள் கையை விட்டேன். ஒரு ஜோடியைப் பிரித்து, உருட்டி, இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு பாயில் படுத்தேன். "போடு. முழுசா வை."

அன்று மாலையே அஸ்ரினிடம் போன் எப்படி உடைந்தது என்பதைச் சொன்னேன். "தெரியும்ணே, நடுவுல இருக்குதது ஒத்தச் சுவருதான்" என்றாள்.

திங்கட்கிழமை யாரோ தோளைப் பிடித்து உலுக்கியதில் விழித்தேன். பிரேமலதாவின் வாய் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. மூன்று மாதம் அவளுக்கு அந்தக் கடல் இப்படித்தான் இருந்திருக்கும். ஒரு காதைத் திறந்தேன்.

"மூணு கேள்வி புரிஞ்சுது. நாலாவத, திரும்பச் சொல்லுங்க சார்னு இங்கிலீஷ்லயே கேட்டேன். சொன்னாரு. ஒண்ணாந்தேதி வரச் சொல்லுதாரு."

"போன் அடிச்சதே எனக்குக் கேக்கலட்டி."

"அதான் வேணும். படுங்க."

இப்போது எங்கள் வீட்டில் வழக்கம் இதுதான். பகலில் நான் காதை அடைத்துக்கொண்டு தூங்குகிறேன். அவள் சத்தத்தை முழுதாக வைத்து, போனைக் குப்புறப் போட்டு, ஒரு வீடியோவை மூன்று தடவை காதால் மட்டும் கேட்கிறாள். நாலாவது தடவைதான் திருப்பி எழுத்தைப் பார்க்கிறாள்.